கிழக்குப் பக்கத்துத் தூம்புகள்

கூரை ஒழுகுவதைப் பார்க்க வேலூரிலிருந்து வந்த பொறியாளர் டவுன் ஹாலின் மொட்டை மாடியில் மொத்தம் பதினோரு நிமிடம் இருந்தார். சந்திரகலா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதில் ஏழு நிமிடம் அவர் மலையைப் பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மாடிக்கு ஏறிவரும் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கடைசிப் படியில் தலை நிமிரும்போதே மேற்கில் அண்ணாமலை அடியிலிருந்து உச்சிவரை முழுசாகத் தெரியும். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சிலர் கைப்பேசியை எடுப்பார்கள். அருண்பிரசாத் என்ற அந்தப் பொறியாளர் இரண்டையும் செய்தார். பிறகு, படம் இன்னும் நன்றாக விழட்டும் என்று பின்னாலேயே நடந்து, கிழக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்த மூன்று சிமெண்டுப் படிகளில் ஏறி, மேல்படியில் நின்று நான்கு படம் எடுத்தார்.

"சார், நீங்க நிக்கற படியதான் பாக்கணும்," என்றாள் சந்திரகலா.

"நல்லா கட்டியிருக்காங்க. இங்கருந்து பாத்தா தீபம் அப்படியே எதிர்ல தெரியும் இல்ல?"

"தெரியும் சார். ஆனா அதுக்கு அடியில..."

அதற்குள் மண்டப நிர்வாகக் குழுவின் செயலாளர் முருகையன் கீழேயிருந்து குரல் கொடுத்தார். காபி ஆறிப்போகிறதாம். பொறியாளர் இறங்கிப் போனார். அவர் செருப்பு நின்ற இடத்துக்கு ஒரு முழம் கீழேதான், சிமெண்டுக்குள், அவர் தேடிவந்த விஷயம் இருந்தது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. நான்கு பக்கம். மண்டபத்தின் காப்பாளர் என்ற முறையில் தபாலைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவது சந்திரகலாவின் வேலை. பிரித்தவள் நின்றபடியே படித்தாள். சுண்ணாம்புக் கூரையின் ஆயுள் முடிந்துவிட்டது, கிழக்குப் பாதியில் விட்டங்கள் ஊறிப்போயிருக்கின்றன, பொதுப் பயன்பாட்டுக்குத் தகுதி இல்லை. இதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "மழைநீர் வடிவதற்கான ஏற்பாடு மூல வடிவமைப்பிலேயே இல்லை." அந்த வரியை மூன்று தடவை படித்தாள். கட்டடம் பழசு என்று எழுதட்டும். கட்டியவர்கள் யோசிக்கவில்லை என்று எழுதியிருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் யோசித்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். யார் யோசிக்காமல் போனது என்பதும் தெரியும்.

இந்த அறிக்கையை வைத்து, கார்த்திகை தீபம் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழு கூடி, மண்டபத்தை இடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறது.

ஊர் டவுன் ஹால் என்று சொன்னாலும் அதன் பெயர் வில்மாட் மண்டபம். 1912இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மாற்றலாகிப் போனபோது, அவர் பெயர் நிலைக்கவேண்டும் என்று ஊர்ப் பிரமுகர்கள் கட்டியது. அவர் ஊருக்கு என்ன செய்தார் என்பது வாசல் கல்வெட்டில் இல்லை. பிரமுகர்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன.

அழகான கட்டடம் என்று சொல்வதற்கில்லை. முகப்பில் ஆறு தூண்கள், தாங்குகிற எடைக்கு இரண்டு மடங்கு பருமன். சீமைத் தூண்களைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த ஒருவர் வரைந்து, கோயில் தூண்களைத் தினமும் பார்த்த ஒருவர் கட்டியதுபோல, தலையில் ஐரோப்பியச் சுருளும் காலடியில் தாமரை இதழும் இருக்கும். போர்டிகோ குதிரை வண்டிக்கு அளவெடுத்தது. இன்றைக்குக் கார் உள்ளே போய் நின்றால் கதவைத் திறக்க முடியாது. கூடம் அறுபதடி நீளம், இருபத்திரண்டடி உயரம். மேடையில் பேசுகிறவரின் ஒரு சொல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் உட்கார்ந்துகொள்ளும். நூறு வருடமாக அங்கே பேசியவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசியிருக்கிறார்கள், கேட்டவர்களுக்குப் பாதிதான் விளங்கியிருக்கிறது. அதனால் ஊருக்கு ஏதும் நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கட்டியவர்கள் நிதானமாக வேலை செய்திருந்தார்கள். அது கூரை. தேக்கு விட்டங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின்மேல் சின்னச் செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, கடுக்காய்ச் சாறு சேர்த்த சுண்ணாம்பைப் போட்டு வாரக்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய கூரை. மேற்கிலிருந்து கிழக்காக அதற்கு ஒரு சரிவு இருந்தது. நடக்கிற காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சரிவு முடிகிற இடத்தில், கிழக்குச் சுவரின் அடியில், ஒரு தேங்காய் உருண்டு போகிற அகலத்தில் ஆறு தூம்புகள். அவற்றின் வழியாக விழும் தண்ணீர் கீழே கல் வாய்க்காலில் ஓடி, கொல்லைக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

சந்திரகலாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. வீட்டில் மணிலாக்கொட்டை விவசாயம். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, அடி அண்ணாமலையில் வேன் ஓட்டும் அன்பரசனைக் கட்டிக்கொண்டு வந்த வருடமே இந்த வேலை கிடைத்தது. அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. சாவி வைத்துக்கொள்வது, கூடத்தை வாடகைக்குப் பதிவது, குழுவின் கூட்டக் குறிப்பை எழுதுவது என்று எல்லாம் அவள் பொறுப்பு. பெருக்குவதற்கு எல்லம்மாள் இருந்தாள். முதல் ஐப்பசி மழையில் இருவருமாக மாடியில் அரசிலைகளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, தள்ளாமலே இலைகள் ஒரு பக்கமாகப் போவதைச் சந்திரகலா பார்த்தாள். துடைப்பத்தை நிறுத்தினாள். இலைகள் நிற்கவில்லை. கிழக்கே போய், ஆறு வாய்களிலும் ஒவ்வொன்றாக நுழைந்தன.

அலுவலக அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மண்டபத்தின் பழைய வரைபடம் ஒன்று நீலம் வெளுத்துத் தொங்கியது. அதில் கூரைமேல் சின்னச் சின்ன அம்புக்குறிகள். அதுவரை அவள் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு ஈரக்கையோடு போய்ப் பார்த்தபோது அம்புகள் எல்லாம் கிழக்கே போயின. வரைந்தவனின் கையெழுத்து மூலையில் இருந்தது. படிக்க முடியவில்லை.

படிகள் வந்தது பதினான்கு வருடத்துக்கு முன். தீபத்தன்று சாயங்காலம் மண்டபத்து மாடிக்குப் பாஸ் கொடுப்பது குழுவின் வழக்கம். முன்வரிசையில் நிற்பவர்களுக்குத் தீபம் தெரியும், பின்னால் இருப்பவர்களுக்கு முன்வரிசையின் முதுகு தெரியும். ஒரு வருடம், முக்கியமான ஒருவரின் மாமியார் சென்னையிலிருந்து வந்து, தீபம் ஏற்றிய நேரம் முழுக்க ஒரு போலீஸ் தொப்பியை மட்டும் தரிசித்துவிட்டுப் போனார். குழு அதற்கு முன்னும் பின்னும் எந்தக் காரியத்திலும் அவ்வளவு வேகம் காட்டியதில்லை. அடுத்த தீபத்துக்குள் கிழக்குச் சுவரை ஒட்டி மூன்று படி, மூன்று வரிசை என்று முடிவாயிற்று.

கொத்தனார் வந்த அன்று சந்திரகலா பாஸ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். இருநூறு பெயர், எல்லாம் கையால். கொத்தனார் வாசலில் வந்து நின்றார்.

"யம்மா, செவுத்தடியில ஆறு ஓட்ட கீது. இன்னா பண்றது?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "அடச்சிடுங்க. எலி வருது."

எலி வந்தது உண்மை. அந்த வாய்கள் வழியாகத்தான் ஏறிவந்து பிரம்பு நாற்காலிகளைக் கடித்துக்கொண்டிருந்தன. அவள் பொய் சொல்லவில்லை, யோசிக்கவும் இல்லை. அம்புக்குறிகளை அறிந்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவள்தான். கேள்வி சரியான இடத்துக்குத்தான் வந்தது. பெயர் எழுதுகிற அவசரத்தில் பதில் வேறு இடத்திலிருந்து போனது.

மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்பு மழைக்காலத்தில் குடித்துக் கோடையில் உலர்ந்துகொண்டது. நான்காம் வருடம் மேடைமேல் முதல் சொட்டு விழுந்தது. காரணமும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் கண்ணிலும் பட்டுவிடும். நடுவில் நான்கு வருடம் புகுந்துவிட்டால், கூரைக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சந்திரகலா மட்டும் கடிதம் எழுதினாள். வருடத்துக்கு ஒன்றாக, கூரையில் தூம்புகள் அடைபட்டுள்ளன, திறக்க உத்தரவு வேண்டும் என்று. யார் அடைத்தது, யார் சொல்லி அடைத்தது என்பது எந்தக் கடிதத்திலும் இல்லை. எந்தக் கடிதத்துக்கும் பதிலும் இல்லை.

அறிக்கை வந்த மறுநாள் அவள் முருகையனைப் பார்க்கப் போனாள். செங்கம் ரோட்டில் அவருக்கு லாட்ஜ் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்து பௌர்ணமிக்கு அறை கேட்டு வந்த போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், ரிப்போர்ட்டு தப்பு."

"எஞ்சினீயர் தப்பு, நீ ரைட்டா?"

"தண்ணி போறதுக்கு வழி இருந்துச்சு சார். ப்ளான்லயே இருக்குது. படிய ஒரு எடத்துல ஒடச்சிப் பாத்தா தெரிஞ்சிடும்."

"தீபத்துக்கு இன்னும் பதிமூணு நாளு. பாஸ் குடுத்தாச்சு, மூணு படிக்கும் ஆளு ஃபுல்லு. இப்ப போய் ஒடைக்கணும்ன்ற."

"தீபம் முடிஞ்சதும் ஒடைக்கலாம் சார்."

"முடிஞ்சதும் ஞாயித்துக்கெழம மீட்டிங்கு. அப்பறம் மொத்தத்தையும் ஒடைக்கப்போறோம். நீ ஒரு எடத்துல ஒடச்சி இன்னா பண்ணப்போற?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "புதுசு வந்தா லிஃப்டு, ஏசி. மாடி இன்னும் ஒசரம். தீபம் இன்னும் கிட்ட தெரியும்."

"மலை அங்கயேதான சார் இருக்கும்."

"அட, போம்மா."

அவள் பொறியாளருக்குப் போன் செய்தாள். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தார்.

"நான் பாத்தப்ப அவுட்லெட் ஒண்ணும் இல்லியே மேடம்."

"நீங்க அதும்மேல நின்னுதான் சார் போட்டோ எடுத்தீங்க. படிக்கு அடியில மூடியிருக்குது."

மறுமுனையில் அறிக்கையைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. ஆள் நல்லவர் போலத்தான் தெரிந்தது. "ப்ளான்ல இருக்குன்னா கட்டுனாங்கன்னு அர்த்தம் கெடயாது மேடம். ப்ளான்ல போடறதுல பாதி யாரும் கட்டறதில்ல. யார் மூடுனது, எப்ப மூடுனது? மூடுனப்ப இருந்தவங்க யாராச்சும் சொன்னா, நானே வந்து தொறந்து பாத்து ரிப்போர்ட்ட மாத்திக் குடுக்கறேன். சும்மா ஒருத்தர் போன்ல சொன்னாங்கன்னு மாத்த முடியாது இல்ல?"

கொத்தனார் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்ட ஆள் அவள் ஒருத்திதான் மிச்சம்.

"விசாரிச்சு சொல்றேன் சார்," என்று வைத்துவிட்டாள்.

வைத்த பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. என்ன விசாரணை, யாரிடம்? பத்து வருடமாகத் தன்னைத் தவிர எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் கிரிவலப் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், வேனைக் கழுவிக்கொண்டிருந்த அன்பரசனிடம் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவரிடம்கூடச் சொன்னதில்லை.

"நாந்தாங்க அடைக்கச் சொன்னேன்."

அவர் பைப்பை நிறுத்தாமல் யோசித்தார். "எலி வந்துச்சு இல்ல?"

"வந்துச்சு."

"அப்பறம் இன்னா?"

"அதனாலதான கூர போச்சு."

"கூர ஒன்னாலயா போச்சு? படி கட்டச் சொன்னவன் எவன்? பேசாம இரு. நீயா போய்ச் சொன்னன்னு வெச்சிக்க, எல்லாத்தையும் ஒன் தலையில கட்டிட்டு அவங்க கைய கழுவிடுவாங்க. ரிட்டையர் ஆவறதுக்கு இன்னும் ஒம்போது வருஷம் இருக்குது."

"சொல்லலன்னா இடிச்சிடுவாங்க."

"சொன்னா இடிக்க மாட்டாங்களா?"

அவர் சொன்னது கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை, சரி என்று ஏற்கவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் பலன் உண்டு என்று தெரிந்தால் யாரும் சொல்லிவிடுவார்கள். பலன் என்ன என்று தெரியாதபோதுதான் அது கனக்கிறது.

தீபத்தன்று காலையிலிருந்து மழை. நாலு மணிக்கு விட்டது. மாடியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர், கிழக்குப் பக்கம் இன்னும் ஆழம். விருந்தாளிகள் மேற்கு ஓரமாகச் சுற்றி வந்து, பலகை போட்ட வழியில் நடந்து, மூன்று படிகளிலும் நனையாமல் ஏறி நின்றார்கள். கூடத்தில் எல்லம்மாள் ஒன்பது வாளி வைத்திருந்தாள். மேலே ஏறிவந்து சந்திரகலாவின் காதில், "ஒம்போதும் ரொம்பிட்ச்சு. இனி அண்டாதான் வெக்கணும்," என்றாள்.

ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏறியது. ஊர் முழுக்க ஒரே குரலாக அரோகரா எழுந்தது. சந்திரகலாவும் கைகூப்பினாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கும் கூரை ஞாபகம் இல்லை. அடுத்த நிமிடம் மேல்படியிலிருந்து ஒரு பெண்குரல், "ஐயோ, தண்ணியில பாருங்க, தண்ணியில," என்றது. மாடியில் தேங்கிய மழைநீரில் மலையும் தீபமும் தலைகீழாகத் தெரிந்தன. எல்லாக் கைப்பேசிகளும் கீழே திரும்பின.

"ரெண்டு தீபம்," என்றார் ஒருவர். "எப்டி சார் ஏற்பாடு பண்ணீங்க?"

முருகையன் அடக்கமாகச் சிரித்தார். "எல்லாம் அவன் செயல்."

சந்திரகலா கீழே இறங்கினாள். எல்லம்மாளோடு சேர்ந்து வாளிகளைத் தூக்கி வாசலில் கொட்டினாள். மேடையின் கிழக்கு ஓரத்தில் ஒரு விட்டம் சுவரோடு சேருமிடத்தில் கறுத்திருந்தது. ஸ்டூல்மேல் ஏறி விரலால் அழுத்தினாள். ஊறிய ரொட்டிபோல விரல் உள்ளே போனது.

"எல்லம்மாக்கா, கடப்பாற எங்க இருக்குது?"

"எதுக்கு?"

"ஞாயித்துக்கெழமைக்கு எடுத்து வெய்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு கூடியது. ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். பொறியாளரை அவளே முந்தின நாள் போன் செய்து வரவழைத்திருந்தாள். "ஆள் கெடச்சிட்டாங்க சார், நேர்ல சொல்வாங்க," என்று மட்டும் சொல்லியிருந்தாள். முருகையன் அறிக்கையைப் படித்து முடித்து, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று வழக்கத்துக்குக் கேட்டார். வழக்கமாக யாரும் எதுவும் சொல்வதில்லை.

கூட்டக் குறிப்பு நோட்டை மூடி வைத்துவிட்டுச் சந்திரகலா எழுந்தாள்.

"கூரைக்கு ஆறு தூம்பு இருந்துச்சு. படி கட்டும்போது கொத்தனாரு எங்கிட்ட கேட்டாரு. எலி வருது, அடச்சிடுங்கன்னு நாந்தான் சொன்னேன். யோசிக்காம சொல்லிட்டேன். கூர ஒழுகறது அதனாலதான். கட்டுனவங்க மேல தப்பு இல்ல."

கூடத்தின் எதிரொலியில் 'தப்பு இல்ல' மட்டும் ஒரு முறை திரும்பி வந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"இத்தன வருஷம் ஏம்மா சொல்லல?" என்றார் குழுவில் மூத்தவர்.

"பயம் சார்."

அருண்பிரசாத் எழுந்துவிட்டார். "மேல போலாமா?"

ஒன்பது பேரில் நான்கு பேர் மாடிக்கு வந்தார்கள். நான்கு நாளாகியும் தண்ணீர் வற்றவில்லை. சந்திரகலா சட்டத்தோடு கழற்றி வந்த வரைபடத்தைப் பார்த்து, வடமூலையிலிருந்து அடியளந்து, படியில் ஓர் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். எல்லம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள். "தள்ளு சந்திரா, பத்து வருஷமா வாளி தூக்கனவ நானு." எட்டாவது குத்தில் சிமெண்டு உடைந்தது. செங்கல்லைப் பெயர்த்ததும் உள்ளே கறுப்பாக ஒரு வாய் தெரிந்தது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு கிழக்குப் பக்கத்துத் தண்ணீர் முழுக்க அந்த ஒரு வாயைப் பார்த்து நகர்ந்தது. முதலில் இலைகள் போயின, பின்னாலேயே தண்ணீர். கீழே கல் வாய்க்காலில் அது விழுகிற சத்தம் கேட்டது.

பொறியாளர் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரகலா குழுவினரைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு பேரும் மேற்கே திரும்பி நின்றிருந்தார்கள். தீபம் பதினொரு நாள் எரியும். பகலில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே வந்ததும் அருண்பிரசாத் நேராகப் பேசினார். "நான் எழுதுனது தப்புங்க. மாத்திக் குடுத்துடறேன். ஆறையும் தொறந்துட்டு, ஊறிப்போன பதினோரு விட்டத்தோட நுனிய மாத்துனா போதும். இன்னும் அம்பது வருஷம் நிக்கும்."

முருகையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "தம்பி, நிக்குமான்னு நாங்க கேக்கல. இடிக்கலாமான்னுதான் கேட்டோம்."

"இடிக்கணும்ன்ற அவசியம் இல்லன்றேன் சார்."

"அவசியம் இல்லன்னா கூடாதுன்னு இல்ல, இல்ல?"

பொறியாளர் சந்திரகலாவைப் பார்த்தார். அவருக்கு இந்த ஊரில் வேறு வேலைகளும் இருந்தன. கைதூக்கச் சொன்னார்கள். இடிக்கலாம் என்று ஏழு கை. மூத்தவர் தூக்கவில்லை, இன்னொருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு வகையில நல்லதாப் போச்சு," என்றார் முருகையன், மற்றவர்களைப் பார்த்து. "பழைய கட்டடத்த கமிட்டி கெடுத்துட்டாங்கன்னு நாளைக்கு எவனாவது பேசுவான். இப்ப காரணம் தெரிஞ்சிபோச்சு. எழுதிக்கம்மா. காப்பாளரின் கவனக்குறைவால் கூரை பழுதடைந்து, மண்டபம் பயன்பாட்டுக்குத் தகுதியற்றதாகிவிட்டபடியால், இதை இடித்துப் புதிய கட்டடம் எழுப்புவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒன்ன வேலைய விட்டு எடுக்கல, பயப்படாத. புதுக் கட்டடத்துக்கும் ஆள் வேணும் இல்ல?"

அன்பரசன் சொன்னது வரிக்கு வரி நடந்துவிட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. தன் பெயரில் வந்த குற்றம் அவளைச் சுடவில்லை, அது அவளுடையதுதான். அந்தக் குற்றத்தை ஒத்துக்கொண்டது எதற்காகவோ, அதற்கே எதிராக அதைத் திருப்பி வைத்திருந்தார்கள். உண்மையை அவர்கள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வாதாடலாம். வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

அவள் நோட்டைத் திறந்து எழுதினாள். முருகையன் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினாள், 'ஏகமனதாக' என்பதை மட்டும் 'ஏழு பேர் ஆதரவுடன்' என்று மாற்றினாள். அங்கே நிறுத்தவில்லை. கீழே தொடர்ந்து எழுதினாள்:

"மண்டபத்தைக் கட்டியவர்கள் கூரைத் தண்ணீர் வடிய ஆறு தூம்புகள் வைத்திருந்தார்கள். தீபம் பார்ப்பதற்காகக் குழு கட்டிய படிகளுக்கு அடியில், காப்பாளர் சந்திரகலாவின் சொல்லின்பேரில் அவை அடைக்கப்பட்டன. இன்று ஒன்று திறக்கப்பட்டது. தண்ணீர் வடிந்ததைப் பொறியாளர் நேரில் கண்டார். பதினோரு விட்டங்களின் நுனியை மாற்றினால் கட்டடம் இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும், இடிக்கவேண்டிய அவசியம் இல்லை என்று அவர் தெரிவித்தார். குழு இதைக் கேட்டுக்கொண்ட பிறகே மேற்கண்ட தீர்மானத்தை நிறைவேற்றியது."

எழுதி முடித்து, நோட்டை முதல் ஆள் முன்னால் நகர்த்தி வைத்தாள். யாராவது ஒருவர் பேனாவை நிறுத்துவார் என்று எதிர்பார்த்தாள். இது என்ன, யார் எழுதச் சொன்னது, கிழித்துப் போடு என்று யாராவது சத்தம் போட்டால்கூட அது அவளுக்கு ஒரு பதிலாக இருந்திருக்கும். முதலாமவர் போட்டார். இரண்டாமவர் போனைக் காதில் வைத்தபடியே போட்டார்.

மூன்றாமவரிடம், "படிச்சிட்டுப் போடுங்க சார்," என்றாள்.

"நீ எழுதனா சரியாத்தாம்மா இருக்கும்," என்று போட்டார்.

நோட்டு மேசையைச் சுற்றி வந்தது. மூத்தவர் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை, இடம் எது என்று கேட்டுப் போட்டார். கடைசியாக முருகையனிடம் வந்தது. அவர் பக்கத்தை ஒரு முறை மேலிருந்து கீழ் பார்த்தார்.

"ஒன் எழுத்து எப்பவும் அச்சு மாதிரிம்மா," என்றார், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

"படிச்சீங்களா சார்?"

"நான் சொல்லித்தான நீ எழுதன," என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.